படகு வந்துச்சா?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், சபைக்கு வணக்கம், முன்வரிசை ஆச்சிமாருக்குக் கூடுதலாக ஒரு வணக்கம். திகில் கதை இளசுகளுக்கு உரமா, உபத்திரவமா என்பது தலைப்பு. நான் உரம் பக்கம். சரி, தலைப்பு அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரோரி பவர் எழுதி 2019-இல் வந்த 'வைல்டர் கேர்ள்ஸ்' நாவலைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்காவில் ஒரு தீவு, அதில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். புரியாத நோய் ஒன்று பரவி, ஒன்றரை வருஷமாகப் பிள்ளைகளை வெளியே விடவில்லை. ஒருத்திக்கு ஒரு கண் ஒட்டிக்கொண்டது, ஒருத்தி கையில் வெள்ளிச் செதில், இன்னொருத்திக்கு இரண்டாவது முதுகெலும்பு. "இதைப் படிச்சா இருக்கிற ஒரு முதுகெலும்பும் முறிஞ்சிரும்" என்று சொல்லித் தம்பி கைதட்டும் வாங்கிவிட்டார்.

தம்பி, எந்த ஊரில் நின்று பேசுகிறீர்கள்? 1939-இலிருந்து கம்பன் விழா கொண்டாடுகிற காரைக்குடியில்! கவந்தனுக்குத் தலையே கிடையாது, வாய் வயிற்றில் இருக்கிறது. அந்தக் கதையை ஏழு வயதில் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நாலு கந்தரப்பம் தின்றுவிட்டுத் தூங்கினவள் நான். பத்துத் தலை இராவணனுக்கு எத்தனை முதுகெலும்பு? தம்பி வீட்டுக்குப் போய் யோசித்து வைக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. இந்த நாவலை நான் தனியாகப் படிக்கவில்லை. 2020 ஊரடங்கு, கானாடுகாத்தானில் ஆயா வீடு, அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகலில் படிப்பேன், சாயங்காலம் உள்முற்றத்து வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு ஆயாவுக்குச் சொல்வேன். கண் ஒட்டிக்கிட்டது என்றேன். "விளக்கெண்ணெய் விட்டாகளா?" செதில் என்றேன். "மீன் ஆயணும்னா கைக்குச் சௌகரியம்தான்." முதுகெலும்புக்கு வெற்றிலை மடிக்கிற கை நிற்கவே இல்லை! தம்பி நடுங்கினாரே, அதே முதுகெலும்பு.

பிறகு சாப்பாட்டுக் கட்டம் வந்தது. கடற்படை அனுப்பும் சாமான் படகில் வரும், எல்லோருக்கும் பத்தாது, ஒரு ரொட்டிக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். அதிலும் பாதியைக் கெட்டது என்று சொல்லி, வழியிலேயே ஒரு டீச்சர் கடலில் போடச் சொல்கிறாள்.

"எதை?"

"சாமானை, ஆயா."

"எங்க?"

"கடல்ல."

"பசியா இருக்கிற பிள்ளைக சோத்தைக் கடல்லயா?" வெற்றிலைத் தட்டு நகர்ந்துவிட்டது. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் தூங்காதது ஒரே ஆள், அது நான் இல்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார், ஐயா, இரண்டே நிமிஷம். நாவலில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி அத்தியாயங்கள் இழுக்கும். கடைசியில் மூன்று பெண்களையும் படகில் ஏற்றிவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று சொல்லாமலே ரோரி பவர் கதையை முடித்துவிடுகிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆயாவிடம் புலம்பினேன்.

ஆயா தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, தொழில் பார்க்க என்று போனவர். 1941 டிசம்பரில் அங்கே குண்டு விழுந்தபோது ஆயாவுக்கு ஐந்து வயது. ஆயாவைப் பெற்ற ஆத்தா தினமும் முகப்பில் நின்று, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் கப்பல் வந்துச்சா, கப்பல் வந்துச்சா என்று கேட்பாராம். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆயா எழுந்து விளக்கேற்றப் போய்விட்டார்.

நாவல் முடிந்த மறுநாள் சாயங்காலமும் அதே தூண், அதே வெற்றிலைத் தட்டு.

"ஆத்தா, இன்னைக்குப் படகு வந்துச்சா?"

"வந்துச்சு ஆயா. அரிசி, பருப்பு, எண்ணெய், நிறைய."

"எதையும் கடல்ல போடலையே?"

"ஒரு மணி அரிசிகூடப் போடலை ஆயா."