அம்மா அப்பாவை பர் பாண்ட் கூட்டிப்போகலாமா?

அடுத்த கேள்வி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். மால் மாலாகச் சுற்றி அலுத்துவிட்டது. காடும் குளமுமாகக் கூட்டமில்லாத இடம் வேண்டும். டாரிங்டன் பக்கம் இருக்கும் பர் பாண்ட் ஸ்டேட் பார்க் சரிவருமா?"

சரிவரும். ஆனால் ஜூலை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, அமைதி எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே குளிக்க மணல்கரை உண்டு, வெயில் காலத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம்தான். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறை கழியட்டும். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது ஒரு வாரநாள் காலையில் போங்கள்.

பாண்ட் என்றதும் உங்கள் அப்பா தெப்பக்குளத்தை நினைத்துக்கொண்டு வருவார். இது சுமார் 85 ஏக்கர், நம் கணக்கில் ஏரி. தானாக உண்டானதும் இல்லை. 1851ல் மைலோ பர் என்பவர் ஓடைகளை மறித்து அணை கட்டினார், ஆலை ஓட்டத் தண்ணீர் வேண்டுமே! 1857ல் கெயில் போர்டன் இங்கே கன்டென்ஸ்டு மில்க் ஆலை போட்டார். பாயசத்தில் ஊற்றுகிறோமே, அதேதான். 1877ல் ஆலை எரிந்துபோனது. இப்போது அங்கே நின்றால், இங்கேயா ஆலை ஓடியது என்றுதான் கேட்கத் தோன்றும்.

குளத்தைச் சுற்றி ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடைபாதை. தார் ரோடு இல்லை, வேரும் கல்லுமாக இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். முட்டிவலிக்காரர்கள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாலே போதும்.

நான் பயப்படுவது கரடிக்கு இல்லை, உண்ணிக்கு. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்குப் பெயர் வந்ததே இதே கனெக்டிகட்டில் இருக்கும் லைம் என்ற ஊரால்தான். ஊரில் மாட்டு உண்ணியைப் பார்த்தவர்களுக்கு இது உண்ணி என்றே தெரியாது. மே, ஜூனில் கசகசா அளவு, அக்டோபரில் எள் அளவு. என் மாமியார் ஒருமுறை, "சாக்ஸில் எள்ளு ஒட்டியிருக்கு" என்று தட்டப் போனார். எள் நடக்க ஆரம்பித்துவிட்டது!

அதனால் வெளிர்நிற பேன்ட், அதை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். அம்மா சேலைதான் என்றால் பாதையின் நடுவிலேயே நடக்கட்டும், புல்லில் உட்கார வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முட்டியின் பின்பக்கம், அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். துணியை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டுங்கள். கடித்து ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும், அதனால் அன்றைக்கே பார்ப்பது முக்கியம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, சிவந்த தடிப்போ வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், கனெக்டிகட் நம்பர் பிளேட் வண்டிக்குப் பார்க்கிங் கட்டணம் கிடையாது. வாடகைக் கார் என்றால் பிளேட்டைப் பார்த்து எடுங்கள்.