மடிக்கணினிக்கு அளவான உறை

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டில் மடிக்கணினி வாங்குவது என்று முடிவானால், எந்த நிறுவனம், எவ்வளவு நினைவகம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று வாரக்கணக்கில் விசாரணை நடக்கும். அதை எடுத்துச்செல்ல ஓர் உறை வேண்டும் என்ற நினைப்பு மட்டும், பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் வரும். அங்கே தொங்குவனவற்றுள் நிறம் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். ஸ்லீவ் என்று கடைகளில் சொல்லப்படும் அந்த மெல்லிய உறைக்கும் கணினியின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அதைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அடிபட்டுப் பழுதுக்கு வரும் கணினிகளைப் பார்த்தால், பெரும்பாலும் காயம் மூலையில்தான் இருக்கும். தட்டையான ஒரு பொருள் கைநழுவி விழும்போது அதன் அகன்ற பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவது அரிது. ஏதேனும் ஒரு மூலையோ விளிம்போதான் முதலில் மோதும், விழுந்த வேகம் முழுவதும் விரல்நுனி அளவே உள்ள அந்த இடத்தில் இறங்கும். மூடியைத் தாங்கும் கீல்கள் பின்பக்க மூலைகளை ஒட்டியே இருக்கின்றன. பல மாதிரிகளில் சார்ஜர் செருகும் துளையும் அங்கேதான் இருக்கிறது. மூலை நசுங்கினால் தோற்றம் கெடுவதோடு போவதில்லை. கீலைப் பிடித்திருக்கும் திருகுகள் பெயர்ந்து, மூடியைத் திறக்கத் திறக்க விரிசல் வளர்ந்து, கடைசியில் திரையையே மாற்றும் நிலைக்கு வந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கணினி விளம்பரங்களில் இடம்பெறும் மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறையிலும் இந்த உண்மை பொதிந்திருக்கிறது. கையில் எடுத்துச்செல்லும் பொருள்களுக்கான விழுதல் சோதனையில், கான்கிரீட் தரைமேல் விரித்த ப்ளைவுட் பலகையின் மீது, 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை பொருளை விழச்செய்கிறார்கள். ஆறு பரப்புகளுக்கு ஆறு, பன்னிரண்டு விளிம்புகளுக்குப் பன்னிரண்டு, எட்டு மூலைகளுக்கு எட்டு என்பது கணக்கு. அதாவது 26-இல் 20 மோதல்கள் விளிம்புக்கும் மூலைக்குமே உரியவை. உறைகளின் அட்டையிலும் இந்தப் பெயர் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஆனால் சோதனையை உற்பத்தியாளரே செய்துகொள்ளலாம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விற்பனைப் பொருள்களுக்கு இதற்கெனச் சான்றிதழ் வழங்குவதில்லை என்பதால், அந்த எழுத்துகளை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

உறைக்குள் இருக்கும் ஃபோம் என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 75 செ.மீ. உயரமுள்ள மேசையிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்தே அடியின் கடுமை அமையும். ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், கணினி தாங்க வேண்டிய விசை சராசரியாக அதன் எடையைப்போல் 750 மடங்கு. ஃபோம் மூன்று மில்லிமீட்டர் அமுங்கி இடம்கொடுத்தால் அது 250 மடங்காகக் குறைகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கணினிக்கு, ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமைக்கும் நானூறு கிலோவுக்கும் குறைவான சுமைக்கும் உள்ள வேறுபாடு இது. இந்த மூன்று மில்லிமீட்டர் மூலையில் இருக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. நடுப்பகுதியில் தடிமனான ஃபோம் வைத்து, ஓரத்தில் இரண்டு துணிகளை மட்டும் சேர்த்துத் தைத்து முடித்துவிடும் உறைகள் சந்தையில் ஏராளமாக இருக்கின்றன. தடவிப் பார்க்கும்போது மெத்தென்றிருக்கும். மூலையில் கைவைத்தால் துணியும் தையலும்தான் தட்டுப்படும்.

ஆகவே கடையில் முதல் வேலையாக உறையின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் ஒன்றையொன்று எளிதாக உணர்ந்தால் அங்கே காப்பு இல்லை. அழுத்தத்துக்குச் சிறிது எதிர்ப்புக் காட்டி, விரலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பினால் அது நல்ல ஃபோம். அமுங்கியது அமுங்கியபடியே நின்றால், அது பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் பயனில்லை. மூன்று பக்கமும் ஜிப் ஓடும் உறைகள் திறந்து மூட வசதியானவை. ஆனால் ஜிப் வளையும் மூலைகளில் ஃபோம் அறுபட்டுப் போயிருக்கிறதா என்பதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். மேல்பக்கத்தில் மட்டும் ஜிப் உள்ள உறையில் கீழ் மூலைகள் இரண்டும் முழுமையாக மூடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தோள்பையை இறக்கித் தரையில் தொப்பென்று வைக்கும் நம்முடைய வழக்கத்தில் அடிவாங்குவது அந்தக் கீழ் விளிம்புதான் என்பதால், நான் பெரும்பாலும் இவ்வகையையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது அளவு. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 13 அங்குலம், 14 அங்குலம் என்று சொல்லப்படுவது திரையின் மூலைவிட்டத்தின் நீளமே தவிர, கணினியின் உடலளவு அன்று. ஆப்பிள் நிறுவனத்தின் 13 அங்குல மேக்புக் ஏர் கணினியை எடுத்துக்கொள்வோம். 2017 வரை வந்த மாதிரியின் அகலம் 32.5 செ.மீ.; 2018-இல் வந்த மாதிரியின் அகலம் 30.41 செ.மீ. பெயரும் அதே, அங்குலமும் அதே, ஆனால் அகலத்தில் இரண்டு செ.மீ. வேறுபாடு. இன்னும் வியப்பானது, 2021-இல் வெளிவந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவின் அகலம் 31.26 செ.மீ. மட்டுமே, அந்தப் பழைய 13 அங்குலக் கணினியைவிட அது குறுகியது. திரையைச் சுற்றியுள்ள ஓரம் ஆண்டுக்காண்டு மெலிந்து வருவதே இதற்குக் காரணம். மற்ற நிறுவனங்களின் கணினிகளுக்கும் இது பொருந்தும்; அவற்றில் பலவற்றில் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் 16-க்கு 9 என்பதிலிருந்து 16-க்கு 10 என்று மாறி வருகிறது. ஆகவே 14 அங்குல உறை என்று கேட்டு வாங்குவது போதாது.

மூடியை மூடிவைத்து, அகலம், ஆழம், தடிமன் ஆகிய மூன்றையும் அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். தடிமனை அளக்கும்போது அடியில் உள்ள ரப்பர் பாதங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணினிக்கு மேல்மூடி எதுவும் மாட்டியிருந்தால் அதோடு சேர்த்தே அளக்க வேண்டும். இணையத்தில் வாங்குவோர், உறையின் உள்ளளவு என்ன என்று தேடிப் பார்த்து அதோடு ஒப்பிட வேண்டும். வெளியளவை மட்டும் கொடுத்திருந்தால், ஃபோமின் தடிமனும் தையல் ஓரமும் அதில் சேர்ந்திருப்பதால் அந்த எண் உங்களுக்கு உதவாது. அகலத்திலும் ஆழத்திலும் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை உள்ளளவு கூடுதலாக இருப்பது போதுமானது.

உறை தளர்வாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பை தரையில் மோதும்போது, தளர்வான உறைக்குள் இருக்கும் கணினி தனியே நகர்ந்து சென்று மோதுகிறது. அதன் மூலை, ஃபோம் இல்லாத மடிப்பிலோ ஜிப்பிலோ போய் இடிக்கிறது. நாள்தோறும் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் ஏற்படும் குலுக்கலில் உள்ளேயே உராய்ந்து, விளிம்புகளின் பூச்சும் தேய்கிறது. அளவுக்கு மீறிய இறுக்கமும் நல்லதன்று. மூடிய நிலையில் திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே இருக்கும் வெளி மிகச் சிறியது. கேமராவை மறைக்கும் மூடி 0.1 மி.மீ.-க்கு மேல் தடிமனாக இருந்தால் அதோடு கணினியை மூட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2020-இல் எச்சரித்தது. இறுகிய உறையின் அழுத்தத்தால் விசைகளின் எண்ணெய்ப்பசை திரையில் கட்டம் கட்டமாகப் பதிவதை நீங்களே பார்த்திருக்கலாம். சார்ஜரை உறையின் வெளிப்பையில் திணிக்கும் பழக்கமும், சாப்பாட்டு டப்பாவை அதோடு ஒட்டி வைக்கும் பழக்கமும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியவை. புடைத்து நிற்கும் ஒரு பொருள் மூடியின் நடுவில் அழுத்தும்போது, கீழே விழாத கணினியின் திரைகூட உள்ளே உடைந்துபோகிறது.

பொருளைப் பற்றிச் சில செய்திகள். நியோப்ரீன் என்பது 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவான செயற்கை ரப்பர். கடலில் மூழ்குவோரின் உடைக்குப் பயன்படும் இதன் நுரை வடிவத்தில் காற்றறைகள் ஒன்றோடொன்று இணையாமல் மூடியிருப்பதால், அது நீரை எளிதில் உறிஞ்சாது, அமுங்கியபின் நன்றாக எழும்பும். விலை மலிவான உறைகளில் இதற்குப் பதிலாக வேறு ரப்பர்கள் சேர்க்கப்படுவது உண்டு. அவை வெயிலிலும் சூட்டிலும் விரைவில் வெடிப்புவிடுகின்றன. காலணிகளின் அடிப்பாகத்தில் பயன்படும் ஈ.வி.ஏ. நுரையை அச்சில் வார்த்த கெட்டி உறைகள், நெரிசலான பேருந்தில் செல்வோருக்கு நல்ல காப்பைத் தருகின்றன, சற்று இடத்தை அடைத்துக்கொண்டாலும். ரெக்ஸின் உறைகளை நம் கடலோர ஊர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரப்பதம் மிகுந்த காற்றில் அவற்றின் மேலுள்ள பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு சிதைந்து, செதில் செதிலாக உதிர்ந்து, அந்தத் துணுக்குகள் விசைப்பலகைக்குள் புகுவதைப் பார்த்திருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் உழைக்கும், அழகும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் துடைத்து, காற்றாட வைக்கும் பொறுமை வேண்டும். கம்பளி ஃபெல்ட் உறை வீட்டுக்குள் மேசையிலிருந்து அலமாரிக்குப் போய்வரும் கணினிக்குப் போதும்.

ஜிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் உறையில் முதலில் கெட்டுப்போவது அதுதான். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்பதையே ஜிப்பின் எண் குறிக்கிறது. எண் 3 மெலிந்தது, எண் 5 இருந்தால் நிம்மதி. பத்துப் பன்னிரண்டு முறை திறந்து மூடி, மூலை வளைவில் ரன்னர் தயங்குகிறதா என்று பாருங்கள். பற்களுக்கு உட்புறமாக ஒரு துணிப்பட்டை ஓடுகிறதா என்பதும் முக்கியம். அது இல்லாவிட்டால், கணினியை நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் பற்கள் அதன் விளிம்பைக் கீறிக்கொண்டே இருக்கும். நீர் புகாத துணி என்று எழுதியிருந்தாலும், சாதாரண ஜிப்பின் வழியாக நீர் இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில், உறையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் அவசியம்.

எந்த உறையானாலும், இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை அதற்குள் வைக்காதீர்கள். அடி தாங்கும் நுரை வெப்பத்தையும் வெளியே விடாது. மூடியை மூடியபின்னும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும் கணினிகள் இப்போது அதிகம். பைக்குள் சூடேறினால் மின்கலத்தின் ஆயுள் குறையும். முழுவதுமாக அணைத்துவிட்டு உறையில் இடுவதே பாதுகாப்பு.

வாங்கிய உறையை மாதம் ஒருமுறை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி உதறுங்கள். உள்ளே தங்கும் மணல், உப்புத்தாள்போல் கணினியின் மேற்பரப்பைத் தேய்க்கும். நியோப்ரீன் உறையை மிதமான சோப்பு நீரில் கையால் கசக்கி, நிழலில் உலர்த்தலாம். ஜிப் பிளந்துகொண்டால் உறையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்; பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர்தான், பை தைக்கும் கடையில் சிறு செலவில் அதை மாற்றித் தருவார்கள். மூலையில் உள்ள ஃபோம் அழுத்தியபின் எழும்பாமல் போய்விட்டால் மட்டும், மேல்துணி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், வேறு உறை வாங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.