தரகர் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டை விற்பது என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஒரு தரகரை. தேடுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் செய்யும் வேலை என்னென்ன என்று பிரித்துப் பார்த்துவிட்டுத் தேடுங்கள், இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். விலை குறிப்பது, விளம்பரம் கொடுப்பது, வருகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டுவது, பேரம் பேசுவது, பத்திரம் முடியும்வரை கூடவே இருப்பது. இதில் உங்களால் எது முடியாதோ அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, எனக்கு அதைச் சொல்லி அலுப்பதே இல்லை. அமெரிக்காவில், சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய 1 லட்சம் வீடுகளின் விற்பனையை எடுத்துப் பார்த்தார்கள். அதில் சில, தரகர்களுடைய சொந்த வீடுகள். இடம், அளவு, வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், தரகர்கள் தங்கள் வீட்டை விற்கும்போது ஏறத்தாழ 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். அவர்கள் வீடு என்றால் பொறுமை, அடுத்தவர் வீடு என்றால் அவசரம்.

அந்த மனிதர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. 6 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு பக்கத்துத் தரகர்களும் பங்கிட்டு, அவரவர் நிறுவனத்துக்கும் பாதி போனால் உங்கள் தரகர் கையில் நிற்பது ஒன்றரை. விலை 10,000 டாலர் கூடினால் உங்களுக்கு 9,400, அவருக்கு 150. அந்த 150க்காக அவர் இன்னும் பத்து நாள் அலைவாரா, அல்லது "இதைவிட நல்ல பார்ட்டி வராது, முடிச்சிடுங்க" என்பாரா?

சரி, வேறு வழி என்ன? நீங்களே நேரடியாக விற்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், உரிமையாளர்களே விளம்பரம் செய்யும் ஓர் இணையதளத்தையும், தரகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பொதுவான வீட்டுப் பட்டியலையும் ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில், தரகர் பட்டியலில் விற்ற வீடுகளுக்கு அதிக விலை கிடைக்கவில்லை, ஆனால் அவை சீக்கிரம் விற்றன. அதாவது கமிஷன் வாங்கித் தருவது நேரத்தைத்தான். அவசரம் இல்லாதவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அப்புறம் நிலையான கட்டண முறை, அதாவது விலையில் சதவீதமாக இல்லாமல் முன்பே பேசிய ஒரே தொகை. இதிலும் கட்டணம் எப்போது, எதற்காக என்பதைப் பாருங்கள். பிரிட்டனில் பர்பிள்பிரிக்ஸ் என்ற இணையவழித் தரகு நிறுவனம், வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் என்ற முறையில் பேர் வாங்கியது. 2023இல் அதன் தொழிலே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. எப்படியும் பணம் வந்துவிடும் என்றால் விற்றுக் கொடுக்க வேண்டும் என்ற முனைப்பு எங்கிருந்து வரும்? மறுபடியும் அதே கணக்குதான். அதனால் தரகர் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது, எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு விலையைக் குறித்துக்கொண்டு அதுவரை சின்னக் கட்டணம், அதற்கு மேல் கிடைப்பதில் தாராளமான பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அவரும் உங்களோடு சேர்ந்து காத்திருப்பார்.

உடனே பணம் கொடுத்து உங்கள் வீட்டைத் தாங்களே வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும்: அமெரிக்காவின் வீட்டு விற்பனை இணையதளமான சில்லோ போன்ற பெரிய நிறுவனமே வீட்டு விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் 2021இல் அந்தத் தொழிலை விட்டது, ஆகவே அவர்கள் சொல்லும் விலையைச் சந்தை விலை என்று நம்பிவிடாதீர்கள், பழுதுபார்ப்புக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்றும் கேளுங்கள். எந்த வழியில் போனாலும், முன்பணம் வாங்குவதற்கு முன் உங்கள் செலவிலேயே ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.