பிட்டைப் பிடித்தால் போதுமா?

(பாளையங்கோட்டைக் கல்லூரி விழா ஒன்றில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, அன்போடு அழைத்த பொருளியல் துறைத் தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் தூத்துக்குடியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருமக்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து மகிழ்வித்த மாணவர் பேரவையினரே, அனைவருக்கும் வணக்கம்.

தேர்வில் நேர்மை பற்றி மாணவர், ஆசிரியர், பெற்றோர் மூவருக்கும் ஒவ்வொரு செய்தி சொல்ல வந்திருக்கிறேன். முதலில் மாணவருக்கு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஒருமுறை தேர்வறைக் கண்காணிப்பில் நின்றேன். ஒரு தம்பி சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக இருந்தான். பிட்டை எடுத்துப் பார்த்தால், விலை ஏறினால் விற்க வரும் சரக்கும் கூடும், இறங்கினால் குறையும் என்கிற அளிப்பு விதி முழுவதும் ஆங்கிலத்தில், கடுகு கடுகாக, வரைபடத்தோடு! விதிப்படி புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் வேப்பமரத்தடியில் அழுதுகொண்டு நின்றவனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எந்த ஊருப்பா?”

“களக்காடு சார். அப்பா வாழை போட்டிருக்காவ.”

“தாருக்கு நல்ல விலை வந்தா என்ன செய்வாவ?”

“முத்துன தாரெல்லாம் வெட்டி ஏத்திருவாவ. வெலை எறங்குனா கொஞ்சம் நிப்பாட்டிப் பாப்பாவ. ரொம்ப நாள் முடியாது சார், பழுத்துரும்லா!”

அவையோரே, அளிப்பு விதியும் வந்துவிட்டது. அழுகும் பண்டத்துக்கு அது எதுவரை செல்லும் என்பதும் வந்துவிட்டது. பின்னது பிட்டில் கிடையாது. “இதை ஏன் எழுதலை?” என்றேன். “இங்கிலீஷ்ல வராது சார்” என்றான்.

காப்பியடித்தது தவறுதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆய்வேட்டில் பிறர் எழுத்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பதிவே ரத்து என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே விதி செய்திருக்கிறது. தண்டனை வேண்டும், சரி. ஆனால் புரியாத மொழியில் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, பறக்கும் படையை மட்டும் அனுப்பினால் பிட்டு ஒழியுமா? ஏட்டுச் சுரைக்காயை நாம்தானே பரிமாறுகிறோம்!

ஆங்கில வழியில் படித்தாலும் தாய்மொழியில் தேர்வெழுத விடுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அனுமதி மட்டும் போதாது. தமிழில் படிக்க நூல் வேண்டும். பாடத்துக்கு ஒரு தமிழ்க் கையேடு, அதை நம் ஊர் ஆசிரியர்களே எழுத வேண்டும், எடுத்துக்காட்டுகள் களக்காட்டு வாழையிலிருந்தும் பத்தமடைப் பாயிலிருந்தும் வர வேண்டும். ஆசிரியருக்கான செய்தியும் இதுதான். பெற்றோரே, மதிப்பெண்ணைக் கேட்குமுன் என்ன படித்தாய் என்று கேளுங்கள்.

இவற்றைக் கேட்டு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கான கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். கையேடு எழுத முன்வரும் பேராசிரியர்கள், எந்தப் பாடம் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.