கதாநாயகனைச் சுற்றி நிற்பவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரணியில் வீற்றிருக்கும் சொல்வல்லவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் காலி வீதியின் நெரிசலைக் கடந்து வெள்ளவத்தைக்கு வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"தலைமைத்துவத்தைக் கற்றுக்கொள்வதற்குப் பெரிதும் துணை நிற்பது திரைப்படமா, சொந்த அனுபவமா?" என்ற தலைப்பில், திரைப்படமே என்று வழக்குரைக்க வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வியை எங்கள் முன் வீசிவிட்டு அமர்ந்தார். 1999 ஜனவரியில் அடிலெய்ட் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் அறிவித்தபோது (அந்த நடுவர் வேறு, நம் நடுவர் வேறு), இங்கிலாந்துக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவைத்த அர்ஜுன ரணதுங்க, எந்தப் படத்தைப் பார்த்து அந்தத் துணிவைக் கற்றார் என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். அர்ஜுன எந்தப் படத்தையும் பார்த்திருக்கத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைதட்டிய நம்மில் எத்தனை பேர் அன்று அடிலெய்டில் இருந்தோம்? அணித்தலைவருக்கு அது அனுபவம். நமக்கு அது திரையில் கண்ட காட்சி. இது வெறும் வாதச் சாதுரியம் என்று நடுவர் புன்னகைப்பது தெரிகிறது. கிரிக்கெட் ஒளிபரப்பைத் திரைப்படம் என்று நான் சாதிக்கப் போவதில்லை; ஆயினும் என் வழக்கின் வித்து அதற்குள் இருக்கிறது.

அனுபவத்தின் நடுவே நிற்பவருக்குத் தம் முகம் தெரியாது. தம்மைப் பின்தொடர்பவர்களின் முகமும் பெரும்பாலும் தெரியாது. கட்டளையிட்டுவிட்டு அறையை விட்டு வெளியேறிய மேலதிகாரி, தாம் போன பின்பு அந்த அறையில் யார் யாரைப் பார்த்தார்கள், யார் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்கள் என்பதை ஒருநாளும் காணமாட்டார். கமரா அங்கேயே நிற்கிறது, அது காண்கிறது. தலைமைத்துவம் என்பது ஒரு மனிதருக்குள் மட்டும் இருக்கும் குணம் என்று எண்ணுபவர்கள் சுயசரிதைகளைப் படித்தாலே போதும். அது தலைவருக்கும் அவரோடு நடப்பவர்களுக்கும் இடையில் நிகழ்வது என்று ஏற்றுக்கொள்பவர்கள், அந்த இருபக்கத்தையும் ஒருங்கே காட்டும் கலையைத் தேடித்தான் ஆகவேண்டும். படம் பார்க்கும்போது கதாநாயகனைவிட அவரைச் சுற்றி நிற்பவர்களை உற்றுப் பாருங்கள் என்பதே என் வாதம் முழுவதும்.

1957இல் சிட்னி லுமெட் நெறியாள்கை செய்த '12 ஆங்ரி மென்' படத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டு மேல் நீதிமன்ற ஜூரியில் எழுவர் அமர்வர். இந்தப் படத்தின் அமெரிக்க ஜூரியில் பன்னிருவர். தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதினெட்டு வயது இளைஞன் ஒருவனின் உயிர் அவர்கள் கையில் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ந்தால் மரணதண்டனை; தீர்ப்போ பன்னிருவரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டியது. வெக்கை தாளாத நாள், மின்விசிறி ஓடவில்லை, ஒருவருக்கு அன்றிரவு பேஸ்போல் ஆட்டம் பார்க்கப் போகும் அவசரம். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் குற்றவாளி என்று கை உயர்த்துகிறார்கள். எட்டாம் ஜூரர் ஒருவர் மட்டும் மறுக்கிறார்.

நமக்குப் பழக்கமான படமாக இருந்தால் இந்த இடத்தில் அவர் மேசையைத் தட்டி எழுந்து ஐந்து நிமிடம் முழங்கியிருப்பார். இவரோ அந்த இளைஞன் நிரபராதி என்றுகூடச் சொல்வதில்லை. தமக்குத் தெரியாது என்கிறார்; ஒருவனைச் சாவுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரமாவது பேசுவோம் என்கிறார். பேச்சு எடுபடாத கட்டத்தில் தம் நிலைப்பாட்டையே பணயம் வைக்கிறார்: தாம் விலகியிருக்க, மற்றப் பதினொருவரும் இரகசியமாக எழுதி வாக்களிக்கட்டும்; பதினொன்றும் குற்றவாளி என்றே வந்தால் தாமும் இணங்கிவிடுவதாகச் சொல்கிறார். ஒரேயொரு சீட்டு மாறி வருகிறது.

அதை எழுதியவர் ஒன்பதாம் ஜூரர், அந்த அறையிலேயே வயதில் மூத்தவர். அவரும் இளைஞன் நிரபராதி என்று நம்பி எழுதவில்லை. ஏளனத்துக்கு நடுவே தனித்து நிற்பது இலகுவானதல்ல என்றும், ஆதரவு கிடைக்கும் என்று துணிந்து இறங்கிய மனிதருக்குத் தாம் அதைக் கொடுத்ததாகவும் அவர் விளக்குகிறார். நடுவர் அவர்களே, தலைமைத்துவப் பாடம் எனக்கு அந்த முதியவரின் முகத்தில்தான் தொடங்குகிறது. அந்தச் சீட்டு விரியும் கணம்வரை எட்டாமவர் ஒரு பிடிவாதக்காரர். இரண்டாவது ஆள் வந்து சேர்ந்த பின்பே அவர் தலைவர். இத்தனைக்கும் அந்த அறையில் முறைப்படி தலைமை தாங்குபவர் வேறொருவர். அவர் வாக்குகளை எண்ணுகிறார், ஒழுங்கைக் காக்கிறார், யாரோ குறை சொன்னதும் கோபித்துக்கொண்டு அப்படியானால் நீயே நடத்து என்கிறார். பதவி ஒரு நாற்காலியிலும் தலைமை இன்னொரு நாற்காலியிலும் இருப்பதை எந்தச் செயலமர்வில் இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறோம்? கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களில் நடக்கும் தலைமைத்துவச் செயலமர்வுகளுக்குப் போய்வந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். சான்றிதழும் மதிய உணவும் கிடைத்திருக்கும்.

லுமெட் கமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்துத் தொடங்கி, போகப்போகக் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கி, வில்லைகளையும் மாற்றிக்கொண்டே போனார். சுவர்கள் நெருங்கி வருவதாகத் தோன்றும், முகங்கள் பெரிதாகும். கருத்து மாறும் மனிதர் ஒவ்வொருவரும் வெவ்வேறு காரணத்துக்காக மாறுகிறார் என்பதை அந்த முகங்களே சொல்கின்றன: ஒருவரைத் தர்க்கம் மாற்றுகிறது, ஒருவரை வெட்கம் மாற்றுகிறது, ஒருவர் வீட்டுக்குப் போனால் போதும் என்று மாறி, அதற்காகப் பக்கத்திலிருப்பவரிடம் கண்டனமும் வாங்குகிறார். கடைசிவரை எதிர்த்த மூன்றாம் ஜூரர் உடைந்து அழுத பின்பு, மற்றவர்கள் வெளியேற, எட்டாமவர் அவருடைய மேலங்கியை எடுத்துவந்து அணிவிக்க உதவுகிறார். அதற்கு வசனம் கிடையாது. நம் சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்களில் தேர்தலில் வென்றவர்கள் தோற்றவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் அந்தச் சில விநாடிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அனுபவத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது என்பதையும் எதிரணியினர் குறித்துக்கொள்ளட்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, பட்டால்தான் புத்தி வரும் என்றார் எதிரணித் தலைவர். படுவது யார் என்பதே என் கேள்வி. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அனுபவத்தால் கற்றுக்கொள்ளும்போது, அந்தக் கல்விக்கான கட்டணத்தைச் செலுத்துபவர்கள் அவருக்குக் கீழே இருப்பவர்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றவர்களுக்கு, மேலே இருந்தவர்கள் அனுபவப்பட்டதன் விலையை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், அனுபவம் நல்லதை மட்டுமே கற்பிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதட்டும் முகாமையாளரின் கீழ் பல வருடங்கள் வேலைசெய்தவர், தமக்குப் பதவி உயர்வு கிடைத்த மறுநாளே அதட்டத் தொடங்குவதை நாம் கண்டதில்லையா? ஒருவருக்குத் தம் தொழில்வாழ்வில் வாய்க்கும் தலைவர்கள் சிலரே. அவர்கள் தவறானவர்களாக அமைந்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு எதுவும் இல்லை.

அகிரா குரோசாவா 1954இல் எடுத்த 'செவன் சாமுராய்' படத்தின் கம்பெய் அப்படி ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க தலைவர். கொள்ளையரிடமிருந்து ஓர் ஏழைக் கிராமத்தைக் காக்க வந்த ஏழு போர்வீரர்களுக்கு அவர் தலைவர். ஊர் நடுவிலுள்ள இருபது வீடுகளைக் காக்க வேண்டுமானால் ஓடைக்கு அப்பாலுள்ள மூன்று வீடுகளைக் கைவிட வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டிகளை எறிந்துவிட்டு வெளியேறும்போது கம்பெய் வாளை உருவி அவர்களை வரிசைக்குத் திரும்ப விரட்டுகிறார். பார்க்க இனிமையான காட்சியல்ல. தம் வீட்டை இழப்பவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முழு ஊரைப் பற்றிய தலைவரின் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. படம் இரண்டில் ஒன்றையும் சிறுமைப்படுத்துவதில்லை.

அதே படத்தில் இதைவிட ஆழமான இடம் ஒன்றுண்டு. தோற்றோடிய போர்வீரர்களைக் கொன்று கிராமத்தவர்கள் பறித்து ஒளித்துவைத்திருந்த கவசங்களைக் கிக்குச்சியோ கொண்டுவந்து காட்டும்போது, காக்க வந்தவர்கள் கொதித்துப் போகிறார்கள். கிக்குச்சியோ பிறப்பால் விவசாயி. போர்வீரன் என்று சொல்லிக்கொண்டு கூட வந்தவன். குழுவில் கடைசி ஆள். விவசாயிகள் கஞ்சர்கள், பொய்யர்கள், கொலைகாரர்கள் என்று அவனே ஒப்புக்கொண்டு, அவர்களை அப்படி ஆக்கியது யார் என்று கேட்கிறான். ஊரை எரித்தவர்களும் விளைச்சலைப் பறித்தவர்களும் உங்களைப் போன்ற போர்வீரர்கள்தானே என்று முகத்துக்கு நேரே சீறுகிறான். கம்பெய் அதட்டவில்லை. கண்கலங்கி, நீ விவசாயியின் மகனா என்று மட்டும் கேட்கிறார். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்' என்ற குறளைப் பாடசாலையில் மனனம் செய்து புள்ளி வாங்கியவர்கள்தாம் நாம். இடித்துரைப்பவன் படித்த அமைச்சனாக இல்லாமல், குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் கடைசி ஆளாகவும் இருக்கக்கூடும் என்பதை எனக்கு இந்தப் படமே உணர்த்தியது. நால்வரைப் புதைத்த பின்பு, வென்றவர்கள் விவசாயிகளே, நாம் அல்லர் என்கிறார் கம்பெய். மாலை போட அங்கே யாரும் வரவில்லை.

திரைப்படம் வரலாற்றைத் திரிக்கிறது என்றும் சொன்னார்கள். திரிக்கிறது, எதிரணிக்கு நானே சான்று எடுத்துத் தருகிறேன். 1995இல் வந்த 'அப்போலோ 13' படத்தில், தோல்விக்கு இங்கே இடமில்லை என்று விண்வெளிப் பயணக் கட்டுப்பாட்டுத் தலைவர் ஜீன் கிரான்ஸ் முழங்குவார். 1970 ஏப்ரலில் அவர் அப்படிச் சொல்லவில்லை. அது திரைக்கதை எழுதியவர்களின் வாக்கியம். அது பிடித்துப்போய் கிரான்ஸே பின்னாளில் தம் நூலுக்கு அதைத் தலைப்பாக வைத்தார் என்பது வேடிக்கை. சுவரொட்டியில் அச்சிட உகந்த அந்த வாக்கியத்தை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அதே படத்தின் இன்னொரு காட்சி: சந்திரனை நோக்கிய பயணத்தின் நடுவே விண்கலத்தில் ஏற்பட்ட வெடிப்புக்குப் பின் மூன்று விண்வெளி வீரர்களும் ஒதுங்கியிருந்த சந்திரக் கலத்தில் கரியமிலவாயு ஏறிக்கொண்டிருக்க, அதை உறிஞ்சும் பெட்டிகளில் மிஞ்சியிருந்தவை சதுர வடிவானவை, பொருத்த வேண்டிய இடமோ வட்டமானது. விண்கலத்தில் இருக்கும் பொருட்களின் மாதிரிகளை ஒரு மேசையில் கொட்டி, இவற்றைக் கொண்டே வழி கண்டுபிடியுங்கள் என்று பொறியியலாளர்களிடம் சொல்லப்படுகிறது. அந்தச் சிக்கலும் தரையில் இருந்தவர்கள் அதைத் தீர்த்ததும் உண்மை. தலைவருக்கு விடை தெரியாது. கேள்வியைச் சரியாக வைத்து, உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, காத்திருக்கத் தெரியும்.

இனி எதிரணியின் வலிமையான வாதம்: சினிமா தலைவர்களை ஆக்கவில்லை, கட்அவுட்டுக்குப் பாலூற்றும் ரசிகர்களையே ஆக்கியது என்பது. இதில் பாதி வழி நான் விட்டுக்கொடுக்கிறேன். திரைக்கதை எழுதிய அண்ணாதுரை 1967இல் முதலமைச்சரானார். நம் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார். திரையில் கண்ட முகத்தையே கோட்டையிலும் காண விரும்பிய மக்கள் கூட்டம் ஒன்று இருந்தது உண்மை. ஒரே நாளில் ஒருவர் முதலமைச்சராக இருந்து நாட்டைத் திருத்துவதாகக் காட்டிய 'முதல்வன்' வெளிவந்த 1999இல், கைதட்டியவர்கள் தலைமை என்றால் வேகம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் அது தவறான பாடமே. ஆனால் அந்தப் படங்களில் சுற்றி நிற்பவர்களைக் கவனியுங்கள்: அவர்களுக்குப் பெயரில்லை, தயக்கமில்லை, வசனம் முடிந்ததும் ஆரவாரிப்பது ஒன்றே வேலை. எதிர்க்கேள்வி கேட்கும் ஒன்பதாம் ஜூரரோ கிக்குச்சியோவோ அங்கே இல்லை. ரசிகரை உருவாக்கும் படத்தையும் தலைமையைக் கற்பிக்கும் படத்தையும் பிரித்தறிய இதைவிட எளிய உரைகல் எனக்குத் தெரியாது. மண்டேலாவைப் பற்றிய 'இன்விக்டஸ்' படத்தில், கறுப்பினப் பாதுகாவலர் குழுவுக்குள் வெள்ளையின அதிகாரிகளை அவர் கொண்டுவந்து சேர்க்கும்போது, அந்தச் சிறிய அறையில் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையை இந்த நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் உரை எழுத வேண்டியதில்லை.

நேரம் நெருங்குவதால் ஒரு படத்தோடு நிறுத்துகிறேன். குரோசாவாவின் 'இகிரு', 1952. முப்பது வருடங்களாக முத்திரை குத்திக்கொண்டிருந்த வதனாபே என்ற நகரசபை உத்தியோகத்தர், தமக்குப் புற்றுநோய் என்று அறிந்த பின்பு, கழிவுநீர் தேங்கிய நிலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா கேட்டு அலைந்த தாய்மாரின் மனுவைக் கையிலெடுத்து, ஒவ்வொரு திணைக்களமாக ஏறி இறங்கி, அவமானப்பட்டு, அதை நிறைவேற்றுகிறார். படம் முடிவதற்கு வெகுமுன்பே அவர் இறந்துவிடுகிறார். எஞ்சிய பகுதியில் சகாக்கள் செத்தவீட்டில் அமர்ந்து, பூங்கா யாருடைய சாதனை என்று வாதிட்டு, குடித்து, கடைசியில் அழுது, இனி நாமும் அவரைப் போலவே பணியாற்றுவோம் என்று சபதம் செய்கிறார்கள். மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு மனு வருகிறது. புதிய பிரிவுத் தலைவர் அதை வேறு பிரிவுக்குத் திருப்பிவிடுகிறார். ஒருவர் மட்டும் எதிர்ப்போடு எழுந்து நிற்கிறார், பிறகு கோப்புகளுக்குப் பின்னால் மெல்ல அமர்ந்துவிடுகிறார்.

அந்தச் சகாக்களுக்கு என்ன குறைவு? வதனாபேயின் பக்கத்து மேசையில் இருந்தார்கள். அவர் அலைந்ததைக் கண்ணால் கண்டார்கள். எதிரணி போற்றும் நேரடி அனுபவம் முழுவதும் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. இது கற்பனைக் கதை என்று தட்டிக்கழிக்க நினைப்பவர்கள், ஒரு கோப்பை நகர்த்துவதற்காக நம் ஊர்த் திணைக்களம் எதற்கும் போகாத பாக்கியசாலிகள் என்றே கொள்ள வேண்டும். அவர்கள் கற்கத் தவறியதை, அந்த அலுவலகத்தில் ஒருநாளும் இருந்திராத நாம் எப்படிக் கற்கிறோம், எங்கிருந்து கற்கிறோம் என்பதற்கு, எனக்குப் பின் வரும் எதிரணிப் பேச்சாளர் விடை சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும். மணி ஒலித்துவிட்டது. நன்றி, வணக்கம்.