பெயரில் ஒரு நெடில்

பெரியோர்களே, தாய்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மண்ணடித் தெருவில் நின்று "காதர் பாய்!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆதார் அட்டையைப் பார்த்தால் ஒருவர் அப்துல் காதர், ஒருவர் காதர் மொய்தீன், இன்னொருவர் காதர் பாஷா. காதிர் என்றால் ஆற்றலுடையவன். இறைவனின் திருநாமங்களில் ஒன்று. மொய்தீன் என்பது முஹ்யித்தீன், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். 1166-இல் பாக்தாதில் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் பட்டப்பெயர் அது. பாஷாவோ பாரசீகத்துப் பாதுஷா. நாம் சாதாரணமாகக் கூப்பிடும் "சாகுல் ஹமீது"கூட அப்படித்தான். ஷாஹ் பாரசீகம், ஹமீது அரபி. இரண்டையும் சேர்த்து நம் நாக்கில் ஏற்றிவிட்டது நாகூர்.

அரபுப் பெயர்களின் பொருள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரில் இருக்கிறது. ஹ-ம-த என்ற வேருக்குப் புகழ்தல் என்று பொருள். முஹம்மது, மிகவும் புகழப்பட்டவர். அஹ்மது, புகழுக்கு மிகவும் உரியவர். மஹ்மூது, புகழப்பட்டவர். ஹமீத் என்று "மீ"யை நீட்டினால் புகழுக்குரியவர். ஹாமித் என்று "ஹா"வை நீட்டினால் புகழ்கிறவர். ஒரு நெடில் இடம் மாறியதும் புகழ் வாங்குகிறவர் புகழ் கொடுக்கிறவராகிவிட்டார்.

எழுத்திலும் சிக்கல் உண்டு. அரபியில் "ஹ" இரண்டு, தமிழில் ஒன்று. ஹாமிதை அந்த மற்ற ஹகரத்தில் சொன்னால் அணைந்துபோனது, உயிரற்றது என்றாகும். கலீலும் அப்படியே. தொண்டையை உரசி வரும் எழுத்தில் சொன்னால் உற்ற நண்பர், இப்ராஹீம் நபிக்கு உரிய பட்டம். அடித்தொண்டைக் ககரத்தில் சொன்னால் "கொஞ்சம்" என்று அர்த்தம். இதற்காகத் தமிழைக் குறை சொல்லக்கூடாது. முஹம்மது, தாவூது என்று கடைசியில் நாம் சேர்க்கும் உகரம் தமிழ் காதுக்கு வேண்டியது. அதில் பொருள் கெடுவதில்லை. குறில் நெடிலைத் தமிழ் எழுத்து துல்லியமாகக் காட்டும். அதை நாம்தான் காட்டாமல் விடுகிறோம்.

எல்லாப் பெயரும் அரபியில் பிறந்ததும் அல்ல. இஸ்மாயில், யஃகூப், யூசுப் மூன்றும் எபிரேயம். ராயபுரத்து யோசேப்பும் மண்ணடி யூசுபும் பெயரளவில் ஒரே ஆள். இரண்டும் யாக்கோபின் மகன் பெயர்தான். பெரோஸ், ஷாஜஹான் பாரசீகம். சிக்கந்தர் யார் தெரியுமா? கிரேக்கத்து அலெக்சாந்தர்!

அதிகம் பிழையாவது "அப்துல்"லில்தான். அப்து என்றால் அடியான். "அல்" சுட்டும் சொல். அப்துல் என்று நிறுத்தினால் "இன்னாருடைய அடியான்" என்பதில் இன்னார் காணாமல் போகிறார். பள்ளிக்கூடத்தில் அப்துல் என்று சுருக்குவார்கள், வீட்டில் ரஹ்மான் என்பார்கள். ரஹ்மான் இறைவனுக்கு மட்டுமே உரிய பெயர் என்பது மார்க்க அறிஞர்கள் கருத்து. கரீம், ரஷீத் போன்றவற்றை மனிதருக்குத் தனியாக வைக்கலாம். இன்னொன்று: ரகரம், ஸகரம் போன்ற 14 எழுத்துகளுக்கு முன்னால் "ல்" மறைந்து, அடுத்த எழுத்து இரட்டிக்கும். அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸலாம். மீதி 14-இல் "ல்" நிற்கும்: அப்துல் காதிர். பாஸ்போர்ட் படிவத்தில் அப்துலை ஒரு கட்டத்திலும் ரஹ்மானைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் போட்டால், அயல்நாட்டில் பையனை "மிஸ்டர் ரஹ்மான்" ஆக்கிவிடுவார்கள். இரண்டையும் இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக எழுதிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே அப்படி எழுதினால்தான் பிற்பாடு எல்லாம் ஒத்துப்போகும்.

குழந்தை பிறந்த ஏழாம் நாள் அகீகா என்ற சடங்கு. ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, தலைமுடி எடைக்கு வெள்ளி தர்மம், பெயர் சூட்டல். அன்றைக்கே மாநகராட்சிப் படிவத்திலும் அவசரமாக எழுத வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இடையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பெயரை அரபியில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டைப் பார்த்து ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒன்றாக முடிவு செய்யுங்கள். அத்தாவின் அட்டையில் "ஓ", பிள்ளையின் அட்டையில் "யூ" என்று முஹம்மது இரண்டாகக் கிடக்க வேண்டாம். தமிழ் வரியையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஹமீதா, ஹாமிதா என்று அந்த மேசையிலேயே தெரிந்துவிடும்.