ஜூன் 20: கடலூர்க் கடலும் பாரீஸ் அரண்மனையும்

(மஞ்சக்குப்பத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, தூறலிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் அம்மா அவர்களே, முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியவர்களே, நின்றபடி கேட்கும் கல்லூரித் தம்பிகளே, வணக்கம்.

மக்கள் கிளர்ந்தெழுந்தால் மன்னர்களுக்கு மூன்று வழி. இறங்கி வருவது, ஓடிப்போவது, அடுத்த ராஜாவின் படையைக் கூப்பிடுவது. மூன்றையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

‘ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே’ என்பார் என் பாட்டி. பிரான்சின் பதினாறாம் லூயிக்கு அது அப்படியே பொருந்தும். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து அமெரிக்க மக்கள் எழுந்தபோது, 1778இல் உடன்படிக்கை செய்து கப்பலும் காசும் கொடுத்தவர் அவர். அந்தச் சண்டை நம் கடலுக்கே வந்தது. 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 கப்பல்கள் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களோடு இங்கே மோதின. ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பின. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசியாயிற்று என்ற செய்தி, அதற்குப் பிறகுதான் கடலூருக்கு வந்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தாம்!

அந்தப் போர்ச்செலவு பிரான்சின் கஜானாவைக் காலி செய்தது. பணத்துக்கு வழி தேடி ராஜா மக்கள் பிரதிநிதிகளைக் கூட்ட வேண்டியதாயிற்று. 1789இல், அதே ஜூன் 20இல், அரங்கம் பூட்டிக் கிடந்ததால், பாரீஸுக்கு அருகே அரண்மனை நகரான வெர்சாயின் டென்னிஸ் கூடத்தில் கூடிய அந்தப் பிரதிநிதிகள், அரசியல் சட்டம் எழுதாமல் கலையமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள்.

1791. மறுபடியும் ஜூன் 20, நள்ளிரவு நேரம். பாரீஸ் அரண்மனையிலிருந்து தப்பியோட, ராஜா வேலைக்காரன் உடுப்பில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் சீமாட்டி வேஷத்தில். இளவரசனுக்குப் பெண்பிள்ளை உடை! வண்டி கிழக்கே ஓடியது. வழியில் அஞ்சல் குதிரை நிலையத்துக்காரர் ஒருவர் உற்றுப் பார்த்தார். பண நோட்டில் அச்சிட்ட முகத்தை வைத்தே ராஜாவை அடையாளம் கண்டார் என்று சொல்வார்கள். வரேன் என்ற சிற்றூரில் வண்டியை மறித்து, குடும்பத்தையே மளிகைக் கடைக்காரர் வீட்டு மாடியில் தங்க வைத்தார்கள். அமெரிக்கக் குடிகளின் உரிமைக்குப் படை அனுப்பிய ராஜா, தன் குடிகள் உரிமை கேட்டபோது ஓடினார். ஊருக்குத்தான் உபதேசம்! 1792 ஜூன் 20இல் மக்கள் அவருடைய அரண்மனைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். 1793 ஜனவரியில் தலை போயிற்று.

அடுத்த ராஜாவின் படைக்கு, 2011 மார்ச்சில் மக்கள் கிளர்ச்சியின்போது பஹ்ரைன் மன்னர் அழைக்க, சவூதிப் படை பாலம் கடந்து உள்ளே வந்ததைச் சொல்ல வேண்டும். இறங்கி வந்ததற்கு, அதே ஆண்டில் மன்னரே புது அரசியல் சட்டம் கொண்டுவந்த மொராக்கோ. நேரமாகிவிட்டதால் நான் பல காலமாகக் கேட்டுவருவதைக் கேட்டுவிடுகிறேன். ஆண்டுதோறும் ஜூன் 20 அன்று நம் பள்ளிப் பிள்ளைகளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போவோம். உலகத்தைப் புரட்டிய சண்டையின் ஒரு பகுதி இந்த அலையில் நடந்தது என்று விரல் நீட்டிக் காட்டுவோம். உறுப்பினர் அவர்கள் மன்றத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். மனு இதோ, கையெழுத்துகளோடு மேடையிலேயே தருகிறேன்.